பெட்டியைத் திறக்க விடுங்கள்

ஹைபிரிட் கார், மின்சாரப் பேருந்து என்று பேச்சு வந்தாலே எல்லாரும் பேட்டரியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பக்கத்திலேயே இன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதைக் கேட்பார் இல்லை. நம் வட்டாரத்தின் பிழைப்பு அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்பேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இதற்கு ‘ஒந்துலேர்’ என்று பெயர். ‘ஒந்த்’ என்றால் அலை. பேட்டரி தருவது நேர் மின்சாரம். குறைக்கடத்தி சுவிட்சுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி, அதை அலையாக்கி மோட்டாருக்கு அனுப்புகின்றன. பிரேக் பிடித்தால் மோட்டாரே டைனமோ ஆகிவிடும். அந்த மின்சாரத்தை இதே பெட்டி பேட்டரிக்குத் திருப்புகிறது. ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிற்கும் டவுன் பஸ்ஸுக்கு லாபமே இதில்தான்.

இது நேற்று முளைத்த சங்கதி அல்ல. அசோக் லேலண்ட் 2010 டெல்லி கண்காட்சியிலேயே ‘ஹைபஸ்’ என்ற ஹைபிரிட் பேருந்தைக் காட்டியது. 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. கண்டக்டர் மாநகர் போக்குவரத்துக் கழகத்து ஆள். டிரைவரும் பராமரிப்பும் தனியார் பொறுப்பு. அப்படியென்றால் ரிப்பேர் வித்தை யார் கையில் தங்கும்?

நாமக்கல் லாரியால் வாழும் ஊர். மோகனூர்ப் பையன்கள் எத்தனையோ பேர் அங்கே பட்டறையில் டீசல் இன்ஜினைப் பிரித்துப் போட்டே தொழில் கற்றார்கள். நாளைக்கு ஒரு சுவிட்ச் கருகினால், “பெட்டியையே மாற்று” என்று கம்பெனி சொல்லிவிட்டால் அவர்களுக்கு என்ன வேலை? நட்டு கழற்றுவது மட்டுமா?

“உள்ளே சில நூறு வோல்ட், உயிருக்கு ஆபத்து” என்பார்கள். உண்மைதான். நம் தெருக் கம்பத்து மும்முனை மின்சாரமும் ஏறக்குறைய 400 வோல்ட்தான். அதற்காக வயர்மேனை வீட்டுக்கா அனுப்பினோம்? பயிற்சியும் கையுறையும் கொடுத்துக் கம்பத்தில் ஏற்றினோம்.

கோப்போடு காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்: டெண்டரில் எழுதாதது நடக்காது. அரசு வண்டி வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் மூன்று வரி சேர்க்கட்டும். சர்க்யூட் வரைபடம் தர வேண்டும். உதிரி பாகம் தனியாக விற்க வேண்டும். உள்ளூர் ஐடிஐ மாணவர்களுக்கு அந்தப் பெட்டியைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

புதிய வண்டி வரட்டும், புகை குறையட்டும், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ரிப்பேர் செய்யத் தெரியாத ஊர், வாங்கி மட்டுமே பிழைக்கும் ஊராகிவிடும். நாமக்கல்லுக்கு அந்தக் கதி வரக் கூடாது.