ஏற்றத்தில் இருமிய வண்டி

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் குடும்பத்தாருடன் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பயணஞ் செய்தோம். அவருடைய வண்டி யப்பானில் ஆக்கப்பெற்ற சிறிய கார். மூன்று சிலிண்டர்களும் ஒரு டர்போவும் உடையது. மாவனல்லை வரை ஒழுங்காய் ஓடிய வண்டி, கடுகண்ணாவை ஏற்றத்தில் இருமத் தொடங்கிற்று. அக்சிலேற்றரை அழுத்துந்தோறும் முன்னேறாது குலுங்கிற்று. முகப்பில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னிற்று. பின்னால் வந்த லொறிகளின் ஹோர்ன் ஒலி கேட்டு நண்பரின் மனைவியார் கலங்கினார். வண்டியை ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, மிக மெதுவாகச் செலுத்திக் கண்டி சேர்ந்தோம்.

இந்நோய் அவ்வண்டிக்குப் புதியதன்று. பெற்றோல் சரிவர வரவில்லைப் போலும் என்று முன்னர் நாமே சொல்லியிருந்தோம். அச்சொல்லை நம்பி நண்பர் பெற்றோல் பம்பை மாற்றினார். பின்னர் ஒரு கராஜில் இன்ஜெக்டர்களையும் கழுவுவித்தார். பணம் போயிற்று, இருமல் போகவில்லை. வந்த விலைக்கு வண்டியை விற்றுவிடவும் எண்ணியிருந்தார்.

அன்றிரவு, உயர்தர வகுப்பிற் கற்கும் அவர் மகன் நம்மிடம் ஒரு வினா விடுத்தான்: “மாமா, சமதரையில் வராத நோய் ஏற்றத்தில் மட்டும் ஏன் வருகிறது?”

முதலிற் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவே. வகுப்பிலே வாயுக்களின் அழுத்தத்தைப் பற்றிப் பாடஞ் சொல்லும் நாம், அதனைக் கேளாமலே மருந்து கூறிவிட்டோம். வெட்கத்தோடுதான் விடை தேடினோம்.

பெற்றோல் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக் உண்டு. அதன் நுனியிலுள்ள சிறு இடைவெளியை மின்பொறி தாண்டும்போதே எரிபொருட் கலவை தீப்பற்றும். நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலும் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் செக்கனுக்கு 25 முறை பொறி எழுப்ப வேண்டும். பற்றரி தருவதோ ஏறத்தாழ 12 வோல்ற்று. அதனைப் பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்துவது கொயில் என்னும் கம்பிச்சுருள். இக்காலக் கார்களிற் பெரும்பாலும் பிளக்குக்கு ஒன்றாகக் கொயில்கள் உள்ளன.

இனி டர்போவைக் கவனிப்போம். வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியால் புதிய காற்றை நெருக்கி உள்ளே தள்ளும் இவ்வுபாயத்துக்கு அல்பிரட் பூக்கி என்னும் சுவிற்சலாந்துப் பொறியியலாளர் 1905ஆம் ஆண்டிலே காப்புரிமை கோரினார். சமதரையில் மெல்லச் செல்லும்போது டர்போவுக்கு வேலை குறைவு. ஏற்றத்தில் அக்சிலேற்றரை அழுத்தினால் சிலிண்டருக்குள் காற்று திணிந்து அடர்கிறது.

அடர்ந்த வாயுவைப் பொறி தாண்டுவது கடினம். வேண்டிய மின்னழுத்தம், வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் நீளத்தையும் பெருக்கிய தொகையைப் பொறுத்தது என்று பிரீட்றிக் பாஷன் என்னும் செர்மானிய அறிஞர் 1889இல் காட்டினார். ஆகவே, தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும் தளர்ந்த கொயிலும் சமதரையிற் சமாளித்துவிடும், ஏற்றத்திலே தோற்றுவிடும். பொறி தாண்டாது, அல்லது கொயிலின் இறப்பர் உறை வெடித்திருந்தால், அவ்வழியே அருகிலுள்ள உலோகத்துக்குக் கசிந்துவிடும்.

காரணம் இதுவாயின் அதனை நிறுவ வேண்டும். மறுநாட் காலை, குறியீடு வாசிக்கும் சிறு கருவியொன்றை இரவல் பெற்று வண்டியிற் பொருத்தினோம். ‘பி 0302’ என்று காட்டிற்று: இரண்டாஞ் சிலிண்டரில் எரிதல் தவறுகின்றது என்பது பொருள். எஞ்சின் குளிர்ந்திருந்தமையால் அப்போதே இரண்டாங் கொயிலை மூன்றாம் இடத்திலும், மூன்றாவதை இரண்டாம் இடத்திலும் வைத்தோம். வேறெதனையும் தொடவில்லை. பழைய குறியீட்டை அழித்துவிட்டு, கடுகண்ணாவை அடிவாரம் வரை இறங்கி, மீண்டும் ஏறினோம். இருமல் வந்தது. கருவி இப்போது ‘பி 0303’ என்றது. கொயில் சென்ற இடத்துக்கு நோயுஞ் சென்றது, குற்றவாளி அகப்பட்டான்.

குறியீடு இடம் மாறாதிருந்தால் அடுத்துப் பிளக்குகளை அவ்வாறே மாற்றியிருப்போம். அதன் பின்னரே இன்ஜெக்டரையும் சிலிண்டரின் அமுக்கத்தையும் சோதித்திருப்போம். பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தோம். வண்டியின் கைந்நூல் கூறிய இடைவெளி 0.8 மில்லிமீற்றர், நாம் அளந்தது 1 மில்லிமீற்றருக்கு மேல். கொயிலை வருத்தியதில் இவற்றுக்கும் பங்குண்டு. ஒரு கொயிலும் மூன்று பிளக்குகளும் புதிதாயின. அடுத்த ஏற்றத்தில் வண்டி இருமவில்லை. நண்பரும் விற்பனைப் பேச்சை எடுக்கவில்லை.

இதனைச் செய்ய விரும்புவோர்க்குச் சில எச்சரிக்கைகள். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துக. எரியாத பெற்றோல் புகைவழியில் உள்ள வினையூக்கி மாற்றியைச் சூடேற்றி அழித்துவிடும். அதன் விலை கொயிலின் விலையிலும் பன்மடங்கு. ஓடும் எஞ்சினில் கொயிலைக் கழற்றிச் சோதிப்பது உயிருக்கு ஆபத்து. பிளக்கைச் சூடான எஞ்சினிற் கழற்றினால் அலுமினியப் புரி கெடும். பிளக்கின் நடு முனையை நெம்பாதீர். பொருந்தும் வகையையும் இடைவெளியையும் கைந்நூலிற் பார்த்துக்கொள்க.

மாணவர்களுக்கு ஒரு சொல். நண்பர் பொருளிழந்தது பெரிதும் நம்மால். நோய் எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று கேளாமல் தீர்ப்புச் சொன்னோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நோய் தோன்றும் அதே ஏற்றத்திற் சோதிப்பதற்கு ஒரு காலைப்பொழுதே போதுமாயிருந்தது. அவ்வினாவை எழுப்பிய பையன் பாடநூலில் பாஷனின் பெயரைக் கண்டவனல்லன். கேட்க வேண்டியதை மட்டும் கேட்டான்.