டேப் அடித்தவள் மேல் பழி போடாதீர்கள்

போன செமஸ்டரில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போவதற்கு முந்தின ராத்திரி. நாங்கள் நாலு பேர். ஆளுக்கொரு அத்தியாயம் அடித்து, எல்லாவற்றையும் ஒரே வேர்டு ஃபைலில் ஒட்டியாயிற்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது. "எழுத்து 14 கூடாது, 12தான்" என்று கைடு சொல்லியிருந்ததால் அளவை மாற்றினோம். அவ்வளவுதான்... பொருளடக்கத்தில் பக்க எண்கள் படிக்கட்டு மாதிரி இறங்கின. வரிகளுக்கு நடுவே அங்கங்கே பெரிய பள்ளம்.

தேடிப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே தோழி அடித்த பகுதி. மூன்று பேரும் சேர்ந்து அவளைத் திட்டினோம். அவள் ஒன்றும் பேசவில்லை. விடிய விடிய உட்கார்ந்து ஒவ்வொரு இடைவெளியாக பேக்ஸ்பேஸ் தட்டி அழித்தாள். காலையில்தான் சொன்னாள்: "டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

யோசித்துப் பார்த்தால் அவள் செய்தது தப்பே இல்லை. டேப் என்பது டேபுலேட்டரின் சுருக்கம். தட்டச்சுப் பொறியில் அட்டவணைக்கு நெடுவரிசை பிடிக்க வந்த சாவி அது. அந்தப் பொறியில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், காகிதத்தில் விழுந்த எழுத்து அசையாது. அதனால் பத்தி தொடங்க ஐந்து இடம் விட்டால் ஐந்து இடம்தான். வேர்டில் அப்படியில்லை. எழுத்தின் அளவையோ பக்க ஓரத்தையோ மாற்றினால் வரிகள் புதிதாக ஓடும். நாம் கையால் தள்ளி வைத்தது மட்டும் கூடவே வந்து தப்பான இடத்தில் நிற்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், அவள் ராத்திரி முழுக்கச் செய்த வேலை ஐந்து நிமிட வேலை. எனக்கே ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

முதலில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் குறிகள் தெரியும். அம்புக்குறி என்றால் டேப். புள்ளி என்றால் ஸ்பேஸ். இரண்டும் இல்லாமல் பத்தி உள்ளே தள்ளி நின்றால் அது இன்டென்ட். இந்த வித்தியாசம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. டேப் ஓர் எழுத்து மாதிரி, தேடி அழிக்கலாம். இன்டென்ட் பத்தியின் குணம், தேடினால் கிடைக்காது.

டேபை அழிக்க கன்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தி, தேடும் பெட்டியில் ^ குறியும் அதையொட்டி ஆங்கிலச் சின்ன 'டி'யும் (டேபின் முதல் எழுத்து) அடித்து, மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டு 'ரீப்ளேஸ் ஆல்' கொடுக்க வேண்டும். ஆனால் எண்களுக்கு நடுவே டேப் வைத்திருந்தால் அதுவும் போய் எல்லாம் ஒட்டிக்கொள்ளும், ஜாக்கிரதை. பத்தி ஆரம்பத்தில் இருப்பது மட்டும் போக வேண்டுமானால், முதல் பெட்டியில் ^ குறியும் 'பி'யும், உடனே ^ குறியும் 'டி'யும். இரண்டாவது பெட்டியில் ^ குறியும் 'பி'யும் மட்டும்.

இன்டென்டுக்கு, பத்திகளைத் தேர்வு செய்து கன்ட்ரோலும் க்யூவும். பத்தி அதன் ஸ்டைலில் உள்ளபடி திரும்பிவிடும். நடுவில் நிறுத்திய தலைப்பையும் சேர்த்துத் தேர்வு செய்தால் அதுவும் ஓரத்துக்குப் போய்விடும், அதை விட்டுவிடுங்கள். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் கையால் செய்த அலங்காரத்தை நீக்க கன்ட்ரோலும் எம்மும். அதையே வேர்டில் அழுத்தினால் இன்டென்ட் கூடும் :-)

எல்லாம் சுத்தமான பிறகு, முதல் வரி எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை ஸ்டைலில் ஒரே தடவை சொல்லிவிட்டால் போதும். பத்தி பத்தியாக டேப் தட்டவே தேவையில்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் இடது ஓரம் இவ்வளவு, வரி இடைவெளி இவ்வளவு என்று எங்களுக்கு விதிகள் கொடுத்தார்கள். ஸ்கேல் வைத்து அளந்தும் பார்த்தார்கள். ஆனால் ஸ்டைல் என்று ஒன்று இருப்பதை நாலு வருஷத்தில் ஒருவரும் சொல்லவில்லை. லேபில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் முடிகிற பாடம் இது. சொல்லித் தராததற்கு மார்க் குறைப்பது என்ன நியாயம்?

அதைவிடப் பெரிய அநியாயம் நாங்கள் செய்தது. எங்களுக்கும் தெரியாத ஒன்றுக்காக, தெரியாத ஒருத்தியைத் திட்டினோம். வைவா முடிந்த அன்றே நான் ஸாரி சொன்னேன். "பரவாயில்லை, அடுத்த ரிப்போர்ட்டை நீ ஒட்டு" என்று சிரித்தாள். ஒட்டத்தான் போகிறேன்.