எலும்பு அனுப்பும் சேதி

தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் சமூகத்தில் சில குடும்பங்களில், கைவிரல்கள் ஒட்டியபடி குழந்தைகள் பிறப்பதுண்டு. வளர வளர அந்தப் பிள்ளைகள் நெடுநெடுவென உயர்வார்கள். தாடை பெருக்கும், நெற்றி புடைக்கும். கீழே விழுந்தாலும் எலும்பு முறியாது. அந்த உறுதியே அவர்களுக்கு எமனாகவும் வந்தது. மண்டையோடு தடித்துக்கொண்டே போய், நரம்புகள் வெளியேறும் துளைகளை நெரித்துவிடும். முகம் ஒரு பக்கம் செயலிழக்கும், காது கேட்காமல் போகும். மூளைக்கு இடம் போதாமல் திடீரென உயிரிழந்தவர்கள் பலர். நோயின் பெயர் ஸ்கிளெரோஸ்டியோசிஸ்.

இந்த நோயின் வேரைத் தேடிப் போனவர்களுக்கு 2001-இல் ஒரு மரபணு பிடிபட்டது. அந்த மரபணு பழுதானதால், நோயாளிகளின் உடலில் ஒரு புரதம் உருவாகவில்லை. 'கட்டியது போதும், நிறுத்து' என்று எலும்பு கட்டும் செல்களுக்குச் சொல்லும் ஸ்கிளெரோஸ்டின்தான் அது.

சொல்வது யார்? எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட் செல்கள். நம் எலும்பில் உள்ள செல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இவைதான். முன்பு எலும்பைக் கட்டிய கொத்தனார்கள் இவர்கள். கட்டிய சுவருக்குள்ளேயே தங்கிவிட்டவர்கள். ஒவ்வொரு செல்லும் கண்ணுக்குத் தெரியாத சிறு குழிக்குள் உட்கார்ந்து, மயிரிழையைவிட மெல்லிய கைகளை நாலாபுறமும் நீட்டி அக்கம்பக்கத்து செல்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். கை நுழையும் அந்த நுண்குழாய்களில் நீர் இருக்கிறது. நாம் ஒரு படி ஏறும்போது எலும்பு இம்மியளவு வளைய, அந்த நீர் அசைகிறது. அசைவை உணர்ந்த செல் ஸ்கிளெரோஸ்டினைக் குறைக்கிறது. 'வேலை இருக்கிறது, கட்டு' என்று அதற்குப் பொருள்.

அசைவே இல்லாவிட்டால்? திடகாத்திரமான ஆண்களை 90 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வில், அவர்கள் ரத்தத்தில் ஸ்கிளெரோஸ்டின் ஏறியது. விண்வெளியில் எடையற்று மிதக்கும் வீரர்கள் மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.5 சதவீதம் இடுப்பெலும்பு அடர்த்தியை இழக்கிறார்கள். வயது ஏற ஏறவும் ரத்தத்தில் இந்தப் புரதத்தின் அளவு கூடுகிறது.

விஷயம் எலும்போடு நிற்பதில்லை. எலும்புக்குள் மஜ்ஜை இருக்கிறது. அங்கே வசிக்கும் ஒரு வகை ஸ்டெம் செல்லுக்கு முன்னால் இரண்டு பாதைகள்: எலும்பு கட்டும் செல்லாகலாம், கொழுப்புச் செல்லும் ஆகலாம். எலும்பிலிருந்து வரும் சேதி இந்தத் தேர்வில் பெரும்பங்கு வகிக்கிறது. ஸ்கிளெரோஸ்டின் அதிகமானால் அந்த ஸ்டெம் செல் கொழுப்பின் பக்கம் சாய்கிறது. எலிகளில் அந்தப் புரதத்தைத் தடுத்தபோது மஜ்ஜைக் கொழுப்பு குறைந்தது. கறிக்கடையில் நல்லி எலும்பு வாங்குபவர்களுக்கு இது புரியும். இளங்குட்டியின் நல்லியை உடைத்தால் மஜ்ஜை சிவப்பாக இருக்கும். முற்றிய ஆட்டின் நல்லியில் வெளுத்து, வழுவழுவென்று கொழுப்பாக வரும். மனிதனின் தொடை எலும்பிலும் இதேதான் நடக்கிறது. ஆஸ்டியோசைட் செல்களும் முதுமையில் பாதிக்கப்படுகின்றன. சில செத்துப்போய்க் குழிகள் காலியாகின்றன. மிஞ்சியவற்றின் கைகள் குறைந்து, சேதிக்கான வலை அறுபடுகிறது.

மஜ்ஜையின் இன்னொரு குடித்தனம் ரத்த ஸ்டெம் செல்கள். நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் இவற்றின் வழியாகத்தான் பிறக்கின்றன. இவற்றுக்கென ஓர் 'இருப்பிடம்' இருக்க வேண்டும் என்று 1978-இல் முன்மொழிந்தவர் ரே ஸ்கோஃபீல்ட். எலும்பு கட்டும் செல்கள் அந்த இருப்பிடத்தை ஆட்டுவிக்கின்றன என்று 2003-இல் எலிகளில் காட்டினார்கள். வயதானால் இந்த ஸ்டெம் செல்களின் எண்ணிக்கை குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எலிகளில் பார்த்தால் கூடுகிறது! திறமைதான் குறைகிறது. நோய் எதிர்ப்புக்குரிய லிம்போசைட்டுகளைப் பெற்றெடுப்பதில் பின்தங்குகின்றன. குற்றம் முழுக்க அந்தச் செல்களுடையதும் இல்லை. முதிய எலிகளின் மஜ்ஜைச் சூழலில் ஆஸ்டியோபான்டின் என்ற புரதம் குறைந்திருப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், 2017-இல், முதிர்ந்த ஸ்டெம் செல்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். இளமைக்குரிய சில குணங்கள் திரும்பின. எலியில் நடந்தது மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் வீட்டைச் செப்பனிட்டால் குடியிருப்பவரும் தேறலாம் என்ற நம்பிக்கையை அது தருகிறது.

ஸ்கிளெரோஸ்டினைத் தடுக்கும் மருந்து ஏற்கெனவே வந்துவிட்டது. ரோமோசோசுமாப் என்ற அந்த ஊசிக்கு 2019-இல் ஜப்பானும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. மாதம் ஒரு முறை, மொத்தம் 12 மாதம். எலும்புப்புரை உள்ள 7,180 பெண்களிடம் நடந்த சோதனையில், முதல் ஆண்டில் முதுகெலும்பு முறிவு 73 சதவீதம் குறைந்தது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் குறித்த கடுமையான எச்சரிக்கையும் அந்த மருந்தோடு சேர்ந்தே வந்தது. மருத்துவர் பார்த்துத் தர வேண்டிய மருந்து இது. அந்த ஊசிக்குப் பின்னால், விரல்கள் ஒட்டிப் பிறந்த அந்தப் பிள்ளைகளின் வேதனை இருக்கிறது.

நம் வீடுகளில் எலும்பு என்றாலே கால்சியம் மாத்திரைதான் பேச்சு. கால்சியம் செங்கல் மாதிரி. கட்டச் சொல்ல ஆள் வேண்டாமா? அந்த உத்தரவு உடம்பின் அசைவிலிருந்து வருகிறது.

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவரை மறுநாளே எழுந்து நிற்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். நுரையீரல் தொற்று, ரத்தக்கட்டு ஆகியவற்றைத் தவிர்ப்பதே அதன் முதல் நோக்கம். எலும்புக்கும் மஜ்ஜைக்கும்கூட அந்த அசைவு தேவைப்படுகிறது. அப்போது, 'பாவம், அம்மா இன்னும் ரெண்டு நாள் படுத்திருக்கட்டுமே' என்று தடுக்காதீர்கள். பிசியோதெரபிஸ்ட் வரும்போது பக்கத்தில் நின்று, அம்மாவுக்குத் தோள் கொடுங்கள்.