பெயரில் உள்ள விளக்கு

ஓர்ஸ் ஹில்லில் நம் அயலில் வசிக்கும் ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர், சென்ற வாரம் தொலைக்காட்சி விளம்பரத் தாளொன்றுடன் நம்மிடம் வந்தார்.

“மாஸ்டர், எல்.ஈ.டி., ஓ.எல்.ஈ.டி. இரண்டுக்கும் ஓரெழுத்துத்தானே பேதம்? விலை மட்டும் மலையும் மடுவுமாய் இருக்கிறதே!”

சேமிப்பை எடுத்து வாங்குபவர் கேட்கவேண்டிய கேள்விதான்.

எல்.ஈ.டி. என்பது மாணவர் பாடநூலில் காணும் ஒளிகாலும் இருவாயியே. ஆயினும் அப்பெயர் பூண்ட பெட்டிகளில் படத்தைத் தீட்டுவது அதுவன்று. திரவப் பளிங்குப் படலம். இருவாயி பின்னே எரியும் விளக்கு மாத்திரமே. படலம் எவ்வளவு மறைத்தாலும் அவ்வொளி சிறிது கசியும். நள்ளிரவுக் காட்சியும் சாம்பல் பூத்துத் தோன்றும். ஓ.எல்.ஈ.டி.யிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும். அணைந்த இடம் அசல் இருள். பகல் வெளிச்சத்தில் செய்தியும் கிரிக்கெட்டும் பார்க்கும் வீட்டுக்கு அவ்விருளை விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை என்பது நம் எண்ணம்.

4 கே என்பது அகலத்தில் 3840, உயரத்தில் 2160 புள்ளிகள். மொத்தம் ஏறக்குறைய 83 இலட்சம். ஆனால் 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய முறையில் படத்துக்குரிய வரிகள் 576 மட்டுமே. அக்காலத்து நாடகத்தைப் புதிய திரையில் இட்டால், இல்லாத புள்ளிகளைப் பெட்டி ஊகித்து நிரப்புமேயன்றி, பதியாத முகபாவம் வந்துவிடாது.

அன்பரின் அலுமாரியில் இடைவெளி 40 அங்குலமாம். ஆகவே 43 அங்குலப் பெட்டி அடங்காதென்று 32 அங்குலத்துக்கு மனத்தைத் தேற்றியிருந்தார். திரையின் அளவு மூலைக்கு மூலை எடுப்பது, 43 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 37½ அங்குலந்தான் என்றோம். தேநீரையும் முடிக்காமல், அளவுநாடா தேடிப் புறப்பட்டுவிட்டார்.