சொசேஜுக்கு மேல சீனிச் சம்பல்: 'ட்ரொபிக்கல்' யாருடைய சொல்?

பண்டாரவளை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரம். தை மாசக் காலையில சுவெட்டர் இல்லாம வெளியே போக முடியாது. அன்னாசி இங்கே விளையிறதில்லை. கம்பஹா, குருநாகல் பக்கமிருந்து லொறியில மலையேறி வருது. ஆனா எல்ல பக்கம் போனா, சுட்ட ஹாட் டொக்குக்கு மேல அன்னாசித் துண்டோ மாங்காயோ விழுந்த உடனே அதுக்கு 'ட்ரொபிக்கல்' என்று பேர். விலையும் ஏறிவிடுகிறது.

எங்களுக்குச் சாப்பாட்டில் கோபம் இல்லை. சுவையாத்தான் இருக்கும். கேள்வி பேரைப் பற்றியது. உப்பு, கொச்சிக்காய்த்தூள் போட்ட மாங்காயும் அன்னாசியும் நமக்கு அச்சாறு. பஸ் ஸ்டாண்டில வாங்கிச் சாப்பிடுற சாமான். குளிர்நாட்டில் இருந்து பார்க்கிறவருக்குத்தான் அது 'ட்ரொபிக்கல்'.

மற்ற நாடுகளைப் பாருங்கள். ஹாட் டொக் ஜெர்மன் குடியேறிகளோடு அமெரிக்கா போன சாப்பாடு. சிலி நாட்டுக்காரர்கள் அதை எடுத்து, மேல அவகாடோவை மசித்துப் போட்டு, 'கொம்ப்ளேத்தோ' என்று தங்கள் பாஷையில் பேர் வைத்தார்கள். கொலம்பியாவில் அன்னாசி சோஸ் ஊற்றுகிறார்கள். வீட்டில் இருந்ததைப் போட்டார்கள், அவ்வளவுதான். நம்ம பக்கமும் அவகாடோ காய்க்குது. நாம சீனியும் பாலும் போட்டுப் பிசைந்து சாப்பிடுறோம். அதையே உப்பு, தேசிக்காய்ப் புளி, பச்சைக் கொச்சிக்காயோடு பிசைந்தால் சொசேஜுக்கு அருமையான துணை.

செய்ய நினைக்கிறவர்களுக்கு: கரி நெருப்பு சுவாலை அடங்கி, சாம்பல் பூத்த பிறகு சொசேஜை வையுங்க. மேலால் லேசாக் கீறிவிட்டால் உள்ளே வரை சூடு போகும். அன்னாசியையும் வட்டமா வெட்டிப் பக்கத்திலேயே சுடலாம். அதில் உள்ள சீனி கருகி மணக்கும். பணிஸைப் பிளந்து அரை நிமிஷம் வாட்டினால் போதும். தேங்காய்ச் சம்பலை நெருப்பில் காட்டாதீங்க, தேங்காய்ப்பூ கருகிடும். கடைசியா மேல தூவணும். வெங்காயத்தைப் புளியோடும் சீனியோடும் மெதுவா வதக்கின சீனிச் சம்பல் இருந்தா, கெச்சப்பே வேணாம்.

ஒரு விஷயத்தை மறைக்க முடியாது. 2015-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 வீதம் கூடும் என்றது. 2016 தேசிய சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 32 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுக்க அது 17 வீதம். அதனால லயத்து அடுப்பில் சொசேஜ் தினச் சாப்பாடாகக் கூடாது. அந்தக் காசுக்கு முட்டையோ நெத்தலியோ பருப்போ வாங்கினால் பிள்ளைக்கு நல்லது. சொசேஜ் எப்போதாவது கூட்டாளிமார் சேர்ந்தால் சுடுற சாமானாக இருக்கட்டும்.

இனி வியாபாரம். எத்தனையோ தோட்டத்துப் பொடியன்மாரும் பிள்ளைகளும் உல்லாசப் பயணிகள் வரும் கடைகளில் வேலை செய்றாங்க. சம்பல் இடிக்கிற கை அவங்களுடையது. அந்தக் கைப்பக்குவம் அம்மாவிடமிருந்து வந்தது. மெனு அட்டையில் மட்டும் அந்தச் சம்பலுக்குப் பேர் இல்லை, 'ட்ரொபிக்கல் டொப்பிங்' என்று போகுது. 'சீனிச் சம்பல்', 'அச்சாறு' என்று எழுதினால் வெள்ளைக்காரருக்கு விளங்காது என்கிறார்கள். 'கொத்து' எப்படி விளங்கிச்சு? நாம அதை வேற பேரில் விற்கல்ல, அதனால பழகிட்டாங்க.

நாளைக்கு நம்மில் யாராவது ஒரு கரி அடுப்பும் ஒரு மேசையும் போட்டு ஹாட் டொக் கடை தொடங்கினால், பலகையில் முதல்ல சம்பலின் பேரை எழுதுங்க. சொசேஜ் எந்தக் கடையிலும் கிடைக்கும். சம்பல்தான் நம்மகிட்ட கிடைக்கும்.