நிழலில் புகை, வெயிலில் பிள்ளை



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். திட்டுவதென்றால் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் என்ன நடந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பஸ் தரிப்பிடம், சந்தைக் கட்டடம், வைத்தியசாலை வாசல், பாடசாலை வீதி ஆகிய நான்கு இடங்களிலும் புகைத்தலை நிறுத்துவோம் என்று ஒரு யோசனையை முன்வைத்தோம். அரை மணித்தியாலத்துக்குள் அது சண்டையாகி, முடிவெதுவும் இல்லாமல் கலைந்தது. அன்றிலிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் என் பெயர் அடிபடுகிறது. "சேருக்கு வேற வேல இல்லையா?", "ஒரு சிகரட்டுக்கு இவ்வளவு கதையா?", "நாளைக்கு பிளேன் டீயையும் தடை செய்வாங்க" என்றெல்லாம் எழுதுகிறார்கள்.

எனக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது. ஆனாலும் இதை ஏன் பேசினேன் என்பதைச் சொல்கிறேன்.

என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாள். பெயர் வேண்டாம். அவளுக்கு ஆஸ்துமா, நாம் முட்டு வருத்தம் என்று சொல்வோமே, அது. புத்தகப் பையில் கொப்பியோடு இன்ஹேலரும் இருக்கும். பாடசாலை விட்டதும் பஸ்ஸுக்காக நிற்பாள். நாங்கள் ஊரார் சேர்ந்து கேட்டு வாங்கிய தரிப்பிடம் அங்கே இருக்கிறது. கூரை இருக்கிறது, வாங்கு இருக்கிறது. ஆனால் அவள் அதற்குள் நிற்பதில்லை. பத்துப் பதினைந்து அடி தள்ளி, தலையில் பையை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பாள்.

ஒருநாள் கேட்டேன், "ஏன் மகள் வெயில்ல நிக்கிற?"

"உள்ளுக்குப் புகை சேர். நின்டா எனக்கு இழுக்கும்."

நான் உள்ளே பார்த்தேன். நான்கு பேர் வாங்கில் இருந்து புகைத்துக்கொண்டிருந்தார்கள். நால்வரும் எனக்குத் தெரிந்தவர்கள், நல்லவர்கள். யாருக்கும் கெடுதல் நினைப்பவர்கள் அல்ல. அந்தப் பிள்ளை எதற்காக வெளியே நிற்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியவே இல்லை.

இந்தப் பதிவு முழுக்க இந்த ஒரு காட்சியைப் பற்றியதுதான். நிழலில் இருந்து புகைப்பவருக்கு எழும்பி இருபது அடி நடக்க முடியும். வருத்தக்காரப் பிள்ளைக்குப் போக வேறு நிழல் இல்லை. இவ்விருவரில் யார் விலக வேண்டும்?

அடுத்து என்னைப் பற்றி. "இவர் என்ன பெரிய சுத்தவாளியா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. நான் பதினொரு வருடம் புகைத்தவன். உயர்தரம் படிக்கும்போது, கடை வாசலில் தொங்கிய கயிற்று நெருப்பில்தான் முதல் சிகரட்டைப் பற்றவைத்தேன். மூத்த மகள் பிறந்தபோது, சட்டையை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள் என்று மனைவி சொன்னார். நானும் ஒவ்வொரு நாளும் வாய் கொப்பளித்து, சட்டை மாற்றிவிட்டுத்தான் தூக்கினேன். ஆனால் அதே காலத்தில் அதே பஸ் தரிப்பிடத்தில், மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று புகை விட்டேன். என் பிள்ளைக்குச் சட்டை மாற்றிய எனக்கு ஊரார் பிள்ளைக்கு ஓர் அடி விலகத் தோன்றவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆகவே நான் மேலே நின்று யாருக்கும் புத்தி சொல்லவில்லை.

இனி, கூட்டத்தில் வைக்கப்பட்ட வாதங்களுக்கு வருகிறேன்.

1. "அது என் தனிப்பட்ட உரிமை."

உங்கள் நுரையீரல் உங்கள் தனிப்பட்ட விடயம்தான். அதை நான் விவாதிக்க வரவில்லை. ஆனால் புகை உங்களோடு நின்றுவிடுவதில்லை. சிகரட் புகையில் ஆயிரக்கணக்கான இரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் அறுபதுக்கும் மேற்பட்டவை புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. நீங்கள் இழுப்பது வடிகட்டி வழியாக வருகிறது. பக்கத்தில் நிற்பவர் சுவாசிப்பதில் பெரும்பகுதி எரியும் நுனியிலிருந்து நேராக வருவது. உலகில் வருடத்துக்கு 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் புகையிலையால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அதில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாங்கள் புகைக்காதவர்கள், மற்றவரின் புகையைச் சுவாசித்தவர்கள். அவர்களுடைய உரிமையை யார் பேசுவது?

2. "திறந்த வெளியில் புகை காற்றோடு போய்விடும்."

இதில் பாதி உண்மை இருக்கிறது. திறந்த வெளியில் புகை சீக்கிரம் கலைகிறது. அதனால்தான் கடற்கரை முழுக்கத் தடை செய்யுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வயலில் நின்று புகைப்பவரைப் பிடியுங்கள் என்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரே கூரைக்குக் கீழே, ஓரடி தூரத்தில் இருப்பவருக்குத் திறந்த வெளி என்ன, மூடிய அறை என்ன? நாங்கள் கேட்ட நான்கு இடங்களையும் பாருங்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், கிளினிக் முடிந்து ஓட்டோவுக்காக வாசலில் நிற்கும் கர்ப்பிணித் தாய், மீன் வாங்க நெரிசலில் நிற்பவர், பாடசாலை விட்டு வரும் பிள்ளை. இவர்கள் யாரும் விலகிப் போக முடியாதவர்கள். விலகிப் போக முடியாத இடத்தில் புகைக்காதீர்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

3. "சட்டம் ஏற்கெனவே இருக்கு. நீங்கள் என்ன புதிதாக?"

நல்ல கேள்வி. சட்டம் இருப்பது உண்மை. புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய சர்வதேச சமவாயத்தை 2003லேயே ஏற்றுக்கொண்ட நாடு எங்கள் நாடு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபை உருவானது. மூடப்பட்ட பொது இடங்களில் புகைப்பதும், மற்றவரைப் புகைக்க விடுவதும் அந்தச் சட்டப்படி குற்றம். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதும் குற்றம்.

"புகைக்க விடுவதும்" என்ற பகுதியைக் கடைக்கார சகோதரர்கள் இன்னொரு முறை வாசியுங்கள். கடைக்குள்ளே ஒருவர் புகைத்தால் குற்றம் அவர் மீது மட்டும் இல்லை, உங்கள் மீதும்தான். பெரிய ஹோட்டல்கள், 30 பேராவது உட்காரக்கூடிய உணவகங்கள், விமான நிலையம் போன்றவற்றுக்குத் தனியாக ஓர் இடம் ஒதுக்கச் சட்டம் இடம் தருகிறது. எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் எத்தனையில் 30 பேர் உட்காரலாம்?

ஆனால் சட்டத்தில் இருப்பது "மூடப்பட்ட" என்ற சொல். மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்பும் உள்ள தரிப்பிடம் மூடப்பட்டதா, திறந்ததா? வைத்தியசாலைக்கு உள்ளே தடை. கேற்றுக்கு வெளியே இரண்டடியில்? இந்த இடைவெளியில்தான் எங்கள் பிள்ளைகள் நிற்கிறார்கள். சட்டம் திருத்தப்படும்வரை காத்திருக்காமல் ஊர் ஒரு முடிவெடுக்கலாம் என்பதுதான் எங்கள் யோசனை.

4. "கடைக்காரன் வயிற்றில் அடிக்கிறீங்க."

விற்காதீர்கள் என்று கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. வாங்குபவர் வாசலிலேயே நின்று புகைக்க வசதி செய்து கொடுக்காதீர்கள் என்றுதான் சொன்னோம். கயிற்றில் தொங்கும் அந்த லைட்டரைக் கழற்றினால் உங்கள் வருமானம் எவ்வளவு குறையும்? தங்கள் வியாபாரம் தேநீரா சிகரட்டா என்பதையும் கடைக்காரர்கள் யோசிக்கட்டும். புகை காரணமாகக் குடும்பத்தோடு உங்கள் கடைக்குள் வராமல் போகிறவர்களின் கணக்கை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்று. 2015 முதல் சிகரட் பெட்டியில் 80 வீதத்துக்கு எச்சரிக்கைப் படம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் பெட்டியாக வாங்குபவர் எத்தனை பேர்? ஒன்று, இரண்டு என்று உதிரியாகத்தான் வாங்குகிறோம். படத்தைப் பார்ப்பது கடைக்காரர் மட்டும்தான். உதிரியாக வாங்குவது பாடசாலைப் பையனுக்கும் வசதி. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

5. "ராவு முழுக்கக் கடல்ல கெடந்து வாறவனுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் இது."

இதைச் சொன்ன காக்காவை நான் மதிக்கிறேன். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. கூலிக்காரனுக்கும் மீனவனுக்கும் நாங்கள் வேறு என்ன ஆறுதல் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்? ஒன்றும் இல்லை. ஆகவே அவரைக் குற்றவாளியாக்கும் எந்தத் தடைக்கும் நான் உடன்படமாட்டேன். ஆனால் காக்கா, பஸ் தரிப்பிடத்தில் வெயிலில் நிற்பதும் கடலுக்குப் போகிறவரின் பிள்ளைதான். காரில் ஏற்றிப் போக ஆள் உள்ள பிள்ளை அங்கே நிற்பதில்லை. பொது இடத்துப் புகையை அதிகம் சுவாசிப்பது ஏழைதான். சிலவகைச் சிகரட் ஒன்றின் விலைக்கு ஒரு றாத்தல் பாண் வாங்கலாம் என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

6. "அரசாங்கம் வரி எடுக்கிறது. முதலில் கம்பனியை மூடச் சொல்லுங்கள்."

சொல்லுவோம். ஆனால் கம்பனியை மூடும்வரை தரிப்பிடத்தில் புகைப்பேன் என்பது என்ன நியாயம்? வரியாக வரும் பணத்தைப் பேசுகிறோம். இதய வருத்தத்துக்கும் புற்றுநோய்க்கும் இலவச வைத்தியசாலைகளில் செலவாகும் பணத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

7. "இதெல்லாம் எங்கட ஊருக்குச் சரிவராது."

மூத்தவர்கள் ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஒரு காலத்தில் இ.போ.ச. பஸ்ஸுக்குள்ளே ஆட்கள் புகைத்தார்கள். இன்று யாராவது பற்றவைத்தால் கொண்டக்டருக்கு முன்னால் பயணிகளே சத்தம் போடுவார்கள். எப்படி மாறியது? ஒவ்வொரு பஸ்ஸிலும் பொலிஸ் ஏறவில்லை. அது வெட்கமான காரியம் என்ற நிலை வந்தது, அவ்வளவுதான். பக்கத்திலே கேரளாவில் 1999இல் உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைத்தலைத் தடை செய்தது. 2004இல் அயர்லாந்து மதுக்கடைக்குள்ளேயே புகைத்தலை நிறுத்தியது. மதுக்கடையில் முடிந்தது எங்கள் மீன் சந்தையில் முடியாதா?

மார்க்கத்தையும் ஒரு வார்த்தை சொல்கிறேன். ஹராமா மக்ரூஹா என்ற விவாதத்தை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். பச்சை வெங்காயமும் பூண்டும் சாப்பிட்டவர் அந்த வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று கற்பிக்கப்பட்ட சமூகம் நாங்கள். வெங்காயம் ஹலால். ஆனாலும் பக்கத்தில் நிற்பவருக்குத் தொந்தரவு. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றும் படித்திருக்கிறோம். பாதையில் முள்ளைக் கண்டால் காலால் தள்ளிவிடும் நாங்கள், அதே பாதையில் புகையைப் போடலாமா? ஜும்ஆ முடிந்து ஸலாம் கொடுத்த சூடு ஆறுவதற்குள் பள்ளி மதிலோரம் பற்றவைப்பவர்களும், ஜனாஸா வீட்டுப் பந்தலுக்குள் புகைப்பவர்களும் கொஞ்சம் யோசியுங்கள்.

ஆசிரியர்களாகிய எங்களையும் விட்டுவைக்க மாட்டேன். இடைவேளையில் பின்மதில் பக்கம் போகும் சேர்மாரைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். விஞ்ஞான பாடத்தில் நுரையீரல் படம் கீறியதை விட அது ஆழமாகப் பதிகிறது.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்:

- அந்த நான்கு இடங்களிலும் அறிவித்தல் பலகை. பிரதேச சபையிடம் அனுமதி எடுத்து, செலவை விளையாட்டுக் கழகங்கள் பொறுப்பேற்கலாம்.
- தரிப்பிடத்துக்கும் சந்தைக்கும் தள்ளி, புகைப்பவர்கள் நிற்க ஓர் இடம். அவர்களும் எங்கள் ஆட்கள்தான்.
- கடை வாசல்களில் லைட்டரும் கயிற்று நெருப்பும் வேண்டாம். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு ஒன்றுகூட வேண்டாம்.
- மூடிய இடங்களில் இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஊர் சார்பாக ஒரு கடிதம்.
- யாரையும் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போடுவது வேண்டாம். அவமானப்படுத்தினால் ஒருவரும் திருந்தமாட்டார். பக்கத்தில் போய், "காக்கா, பிள்ளை நிக்குது" என்று சொன்னால் போதும்.

நான் அப்படித்தான் செய்தேன். அன்று தரிப்பிடத்துக்குள் போய் அந்த நான்கு பேரிடமும் சொன்னேன். ஒருவர் முணுமுணுத்தார். மற்ற மூவரும் எழும்பி வெளியே போனார்கள். அதில் ஒருவர், "சேர், அவள் வெயில்ல நிக்கிறத்துக்கு நாங்களா காரணம்? தெரியாமப் போச்சே" என்றார். நான்காமவரும் கொஞ்ச நேரத்தில் எழும்பிவிட்டார். ஆனால் மறுநாள் வேறு நான்கு பேர் இருந்தார்கள். அதனால்தான் தனி ஆள் சொல்லிப் போதாது, ஊர் ஒன்றாக முடிவெடுக்க வேண்டும் என்கிறேன்.

வரும் வெள்ளி இஷாவுக்குப் பிறகு திரும்பவும் கூடுகிறோம். எதிர்ப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். புகைப்பவர்கள் முதல் வரிசையில் இருங்கள். ஒரேயொரு வேண்டுகோள், வருவதற்கு முன் ஒருநாள் பாடசாலை விடும் நேரம் அந்தத் தரிப்பிடத்தைப் போய்ப் பாருங்கள். உள்ளே யார் இருக்கிறார், வெளியே யார் நிற்கிறார் என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆரோக்கியத்தையும் நல்ல விளக்கத்தையும் தருவானாக.

வஸ்ஸலாம்.