மாறுதல் உத்தரவு யாருக்கு?

நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஊர்ச் செய்திகள் வரிசையாக வரும். குழாய் உடைந்து தண்ணீர் வீணாகிறது, டவுன் பஸ் நேரத்துக்கு வருவதில்லை, மாரியம்மன் கோயில் பூச்சாட்டு, பனியன் கம்பெனி வேன் கவிழ்ந்து நாலு பேருக்குக் காயம். 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் 6 பேருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை விதித்ததையும் நம் பகுதியில் பலர் இப்படியொரு செய்தியாகத்தான் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்கள். அதை அப்படித் திருப்பிவிட முடியாது, தோழர்களே.

வழக்கு இதுதான். 2018 ஜூலை. அவிநாசி ஒன்றியம், சேவூர் பக்கத்தில் திருமலைக்கவுண்டம்பாளையம். (ஊர்ப் பெயரிலேயே யாருடைய ஊர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.) பல ஆண்டுகள் சத்துணவு வேலை பார்த்த அருந்ததியப் பெண் ஒருவர், தான் குடியிருக்கும் ஊரின் அரசுப் பள்ளிக்கே சமையலராக மாறுதலாகி வருகிறார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்க சாதியினர் திரண்டு வந்து தடுத்தார்கள். பள்ளியைப் பூட்டினார்கள்.

இதுவரை நடந்தது சாதிவெறி. அது புதிதல்ல. நாம் பேச வேண்டியது அடுத்து நடந்ததைப் பற்றி. வட்டார வளர்ச்சி அலுவலகம் உடனே ஒரு உத்தரவு போட்டது. பூட்டுப் போட்டவர்கள் மீது அல்ல, அந்தச் சமையலரை மறுபடி பழைய பள்ளிக்கு மாற்றி. தலித் அமைப்புகளும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் தெருவில் இறங்கிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. அதன் பிறகுதான் 80-க்கும் மேற்பட்டோர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு.

அந்த மாதத்தையும் நினைவில் வையுங்கள். 2018 மார்ச் 20-ல்தான் உச்ச நீதிமன்றம், வன்கொடுமைச் சட்டத்தில் உயர் அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கைது செய்யக்கூடாது என்று சட்டத்தின் பல்லைப் பிடுங்கியிருந்தது. ஏப்ரல் 2-ல் நாடே கொதித்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து பல்லைத் திருப்பி வைத்தது. சேவூர் பக்கத்துப் பள்ளியில் பூட்டு விழுந்தது இந்த இடைவெளியில்.

இப்போது தீர்ப்பைப் பற்றி ஊருக்குள் என்ன பேசுகிறார்கள்? நமக்குக் கேட்பதெல்லாம் ஒரே மாதிரி. "நல்லாத்தானுங்க இருந்தோம், இதப் போயி கோர்ட்டு வரைக்கும் இழுத்துட்டாங்க." "அந்தம்மா வேற ஸ்கூலுக்குப் போயிருந்தா பிரச்சனையே இல்லீங்களே." இரண்டாவது வாக்கியம்தான் ஆபத்தானது. ஏனென்றால் அது டீக்கடையில் மட்டும் இல்லை, அலுவலகத்திலும் இருக்கிறது. பொது வழியில் நடக்க விடவில்லையா, சுற்றுப் பாதையில் போ. குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லையா, உனக்குத் தனிக் குழாய் போடுகிறோம். சமைக்க விடவில்லையா, இந்தா மாறுதல். அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் ஒவ்வொரு முறையும் நகர வேண்டியவர் நாம்தான்.

இத்தனைக்கும், மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித், பழங்குடியினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. உணவு உரிமை வழக்கில் வந்த உத்தரவு அது. இதைப் படித்த அதிகாரி மாறுதலில் கையெழுத்துப் போடும் முன் பேனாவைக் கீழே வைத்திருப்பார்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2023-ல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூர் பள்ளியில் காலை உணவுத் திட்டத்துக்கு இதே எதிர்ப்பு வந்தது. ஆட்சியர் நேரில் போய் அந்தச் சமையலர் செய்த உணவைச் சாப்பிட்டார், சட்டம் பாயும் என்று எச்சரித்தார். ஆட்சியர் சாப்பிடுவதைப் பெரிய புரட்சி என்று நாம் கைதட்டத் தேவையில்லை. ஆனால் சமையலரை யாரும் நகர்த்தவில்லை என்பதுதான் அங்கே முக்கியம்.

காலத்தையும் பார்ப்போம். வன்கொடுமை வழக்குகளைச் சிறப்பு நீதிமன்றம் நாள்தோறும் விசாரித்து, குற்றப்பத்திரிகை தாக்கலான 2 மாதத்துக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். இந்த வழக்கு முடிய 7 ஆண்டு 4 மாதம் ஆனது. அன்று 6-ஆம் வகுப்பில் தட்டோடு உட்கார்ந்திருந்த பிள்ளை இன்று கல்லூரியில் இருக்கலாம், இல்லையென்றால் ஏதாவது ஒரு கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கலாம். சாட்சி சொல்லப் போகிறவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு ஷிப்ட் கூலி. திருப்பூரில் ஒரு ஷிப்ட் போனால் வாரச் சம்பளத்தில் எவ்வளவு துண்டு விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் பயணச் செலவும் பராமரிப்புச் செலவும் தர வேண்டும் என்று சட்டத்தின் 15-ஏ பிரிவு சொல்கிறது. 2015 திருத்தத்தில் வந்தது. கேட்டால்தான் கிடைக்கும், கேட்கலாம் என்று தெரிந்தவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்?

குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடுதலையானார்கள். 6 பேர் தண்டிக்கப்பட்டார்கள். குறைவுதான், ஆனாலும் இந்த 6 பெரிய எண். ஒரு கூலிக்காரப் பெண் இத்தனை வருடம், அதே ஊரில் குடியிருந்துகொண்டு, சமரசத்துக்குப் பணியாமல் நின்றதால் வந்த எண்.

ஆனால் மாறுதல் உத்தரவு எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. கடமை தவறும் அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை என்று 4-ஆம் பிரிவு இருக்கிறது. நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்ற பூட்டும் அதோடு சேர்ந்தே இருக்கிறது. 'நிர்வாகக் காரணம்' என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் எந்த மாறுதலும் ஒளிந்துகொள்ளும்.

அதனால் அடுத்த முறை இப்படி நடந்தால், முதலில் உத்தரவின் நகலைக் கையில் வாங்குங்கள். யார் மனு கொடுத்ததால் இந்த மாறுதல், கோப்பில் எழுதிய காரணம் என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பள்ளியில் பூட்டு விழுந்த அன்றே படம் எடுத்து, தேதியோடு புகார் எழுதுங்கள். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. திருப்பூரில் கடைசியாக எப்போது கூடியது, எந்தெந்தப் பள்ளியைப் பற்றிப் பேசியது? கல்லூரித் தோழர்கள் இந்த வாரமே அந்தக் கூட்டக் குறிப்பைக் கேட்டு மனுப் போடலாம். செலவு 10 ரூபாய், அப்புறம் ஒரு தபால் தலை.